தொழில் வட்டத்துக்கு வாற ஆக்கள் குறைஞ்சு கொண்டு போகினம், பிழை என்னிலயோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

விசுவமடு வெல்டிங்:

எல்லாருக்கும் வணக்கம். நான் விசுவமடுவில வெல்டிங் பட்டறை வச்சிருக்கிறன். கேற்று, கிரில், ட்ரக்டர் பெட்டி செய்யிறது திருத்திறது தான் வேலை, நாலு பொடியள் என்னோட நிண்டவை, இப்ப மூண்டு பேர். பரந்தன் முல்லைத்தீவு ரோட்டுக் கரையில சின்னத் தொழில் செய்யிற ஆக்கள் கொஞ்சப்பேரைச் சேத்து போன வருசம் தை மாசம் ஒரு வட்டம் மாதிரித் தொடங்கினனாங்கள், பதிவு ஒண்டும் இல்லை, மாசத்தில ஒருக்காக் கூடுறது, ஒரு வட்ஸ்அப் குறூப்.

யோசனை வந்தது 2022 இல டீசலுக்கு வரிசையில நிண்ட காலத்தில தான். அப்ப நானும் ஹாட்வெயார் அண்ணையும் ஒரு பலசரக்குக் கடைக்காரரும் சேந்து வவுனியாவில இருந்து ஒரே லொறியில சாமான் இறக்கினனாங்கள், ஆளுக்கொரு லொறி பிடிச்சிருந்தா மூண்டு பேரும் அந்த மாசமே கடையைப் பூட்டியிருப்பம். அப்ப தான் விளங்கினது பக்கத்துக் கடைக்காரனைத் தெரிஞ்சு வச்சிருக்கிறது எவ்வளவு பெரிய விசயம் எண்டு.

முதல் கூட்டத்துக்கு 23 பேர் வந்தவை. போன மாசம் 7 பேர், அதில ரெண்டு பேர் எனக்குச் சொந்தம். குறூப்பில காலை வணக்கப் படம் மட்டும் தான் வருது. எங்கட ஆக்களுக்கு ஒற்றுமை இல்லை, தன்ர கடை தன்ர பாடு எண்டு நிக்கினம் எண்டு தான் நான் மனுசியிட்டச் சொல்லிக்கொண்டு இருந்தனான்.

பேந்து ஒண்டு நடந்தது. ஆறு வருசமா என்னோட நிண்ட பொடியன் விலகி தருமபுரத்தில வேற பட்டறைக்குப் போயிட்டான். கடைசி நாள் கையைத் துணியில துடைச்சுக்கொண்டே சொன்னான், "அண்ணை, நீங்கள் எங்களிட்டக் கேப்பியள், ஆனா நாங்கள் வாய் திறக்க முதல் நீங்களே பதிலையும் சொல்லிப்போடுவியள்". கோவமாச் சொல்லேல்லை, அது தான் எனக்குக் கூடக் குத்தினது.

கூட்டத்திலயும் நான் இப்பிடித்தானோ? ஆக்களிட்ட நேரே கேட்டா "ஒண்டுமில்லை அண்ணை, நல்லாத்தான் போகுது" எண்டினம். நான் மற்ற ஆக்களுக்கு எப்பிடித் தெரியிறன் எண்டதை எப்பிடி அறியிறது? அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்கோ.

உடையார்கட்டு அக்கா:

தம்பி, நான் உங்கட கூட்டத்துக்கு ரெண்டு தரம் வந்து பிறகு வராம விட்ட ஆள், அதால நானே சொல்லுறன், குறை நினைக்காதேங்கோ.

நான் கச்சான் வறுத்து பைக்கற் போட்டு விக்கிறன், மிளகாய்த்தூளும் இருக்கு, நாலு பொம்பிளையள் என்ர ஷெட்டில வேலை செய்யினம். உங்கட கூட்டம் பின்னேரம் ஆறரைக்கு. முடிய எட்டு ஆகும், அப்ப பஸ் இல்லை, அந்த ஹோல்ற்றில இருட்டுக்க நிண்டு ஆற்றையும் மோட்டச்சைக்கிளை மறிக்கிற வயசும் இல்லை எனக்கு. பொம்பிளையள் ஒருத்தரும் வரேல்லை எண்டு குறூப்பில எழுதியிருந்தனீங்கள், நேரத்தை ஆர் வச்சது?

மற்றது, ரெண்டாம் தரம் வரேக்க நான் ரெண்டு கிலோ கச்சான் சின்னச் சின்னப் பைக்கற்றாப் போட்டுக் கொண்டு வந்தனான், எல்லாரும் சாப்பிட்டுப் பாத்துச் சொல்லட்டும் எண்டு. லேபிளில திகதி அடிக்கிறது பற்றியும் பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தா என்ன என்ன பாப்பினம் எண்டும் கேட்டன். நீங்கள் "அதைப் பிறகு பாப்பம் அக்கா" எண்டிட்டு இரும்பு விலை கதைக்கத் தொடங்கினீங்கள். கூட்டம் முடிஞ்சு நான் பையை அவிழ்க்காமலே திருப்பிக் கொண்டு போனன். நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லை எண்டு எனக்குத் தெரியும். உங்களுக்கு அது ஞாபகமும் இருக்காது. எனக்கு இருக்கு.

ஆனா தொடர்பு வேண்டாம் எண்டு நினைக்கிற ஆள் இல்லை நான். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கடை போட்ட இடத்தில பக்கத்தில குளிர்பானம் வித்த பொடியனோட சும்மா கதைச்சதில தான் வவுனியாக் கடை ஒண்டுக்கு மாசாமாசம் சாமான் போகுது. அவனின்ர பேரும் அப்ப எனக்குத் தெரியாது.

பழைய சங்கக்காரன், கிளிநொச்சி:

தம்பி, அந்தப் பொடியன் உமக்கு நல்லது செய்திட்டுப் போயிருக்கிறான், அவனோட கோவிக்காதையும்.

நான் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் ஒண்டில 27 வருசம் வேலை செய்தனான், கடைசிப் பத்து வருசம் முகாமையாளர். எல்லாருக்கும் என்னில விருப்பம் எண்டு தான் நினைச்சுக்கொண்டு இருந்தனான். ஒருநாள் களஞ்சியத்தில அரிசி மூடையளுக்கு அங்கால நிக்கேக்க நிறுக்கிற பொடியன் என்னைப் போல கதைச்சுக் காட்டுறான், மற்றவை சிரிக்கினம். குரல் அப்பிடியே நான் தான். என்ன சொல்லிக் காட்டினவன் தெரியுமே, "உது எனக்குத் தெரியும், அடுத்தது". நான் நாளுக்குப் பத்துத்தரம் அதைச் சொல்லியிருக்கிறன், ஒருக்காலும் என்ர காதில விழேல்லை.

அதுக்குப் பிறகு வெள்ளிக்கிழமையில ஒராளைக் கூப்பிட்டு, நான் மாத்த வேண்டிய ஒண்டைச் சொல்லு எண்டு கேக்கத் தொடங்கினன். எனக்கு நானே வச்ச கட்டுப்பாடு, மறுமொழி சொல்லக்கூடாது, கொப்பியில எழுதோணும், நன்றி எண்டு அனுப்போணும். நாலு கிழமை ஒண்டும் வரேல்லை, எல்லாம் நல்லம் ஐயா எண்டிச்சினம். அஞ்சாம் கிழமை களஞ்சியப் பிள்ளை ஒண்டு சொல்லிச்சுது, "ஐயா நீங்கள் எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுறது பிழை நடந்தா மட்டும் தான்". அதுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது, எழுதினன்.

இன்னொண்டு. 2009 க்குப் பிறகு மெனிக்பாம் முகாமால வந்து தறப்பாளுக்குக் கீழ தொழில் தொடங்கின தலைமுறை நீங்கள். அப்ப ஆரைக் கேக்கிறது, ஆரை நம்புறது, எல்லாத்தையும் தனிய யோசிச்சு உடனே முடிவெடுத்தவன் தான் தப்பினவன். அந்தப் பழக்கம் தான் உம்மை நிமித்தி விட்டது, அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனா பட்டறையில அவசரத்துக்கு உதவின கை கூட்டத்திலயும் மற்றவனின்ர வாயைப் பொத்துது. அதை உம்மால தனியக் காணேலாது, பக்கத்தில இருக்கிறவனுக்குத் தான் தெரியும்.

இரணைமடுக் குளத்துக் கமக்காரரின்ர சிறுபோகக் கூட்டத்துக்குப் போய்ப் பாரும். சத்தம் வரும், சண்டை வரும், ஆனா குளத்தில எத்தினை அடி தண்ணி எண்டு எல்லாருக்கும் தெரியும், தண்ணி காணாட்டி ஏக்கரைக் குறைச்சுப் பங்கு பிரிக்கத்தான் வேணும் எண்டும் தெரியும். உங்கட கூட்டத்தில அந்த அடிக்கணக்கு என்ன? ஆருக்கு என்ன தேவை எண்டு நடுவில ஒண்டும் இல்லாட்டி கூட்டத்தைக் கூட்டுற ஆளின்ர கதை மட்டும் தான் மிஞ்சும்.

றோட்டறிக் கழகம் 1905 இல சிக்காகோவில தொடங்கேக்க ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொருத்தரின்ர கந்தோரில மாறி மாறிக் கூடினவையாம், பேரே அதால வந்தது தான். நீரும் உம்மட பட்டறையில வைக்கிறதை விட்டிட்டு ஒவ்வொரு கடையாப் போம். மற்றவன்ர வாசலில இருக்கேக்க நாக்குத் தானா அடங்கும்.

அச்சகம், வவுனியா:

ஐயா சொன்னதோட முழுக்க ஒத்துப்போறன், ஒண்டைத் தவிர. முதலாளி முன்னால இருந்து கொப்பியில எழுதினா எங்கட பொடியள் வாயே திறக்க மாட்டினம், அந்தக் காலத்து மரியாதை வேற. பேர் போடாமத் துண்டில எழுதித் தாங்கோ எண்டு கேக்கிறதும் சரிவராது, ஏழு பேர் கூடுற இடத்தில ஆற்ற கையெழுத்து எண்டு எல்லாருக்கும் தெரியும்.

எனக்கு உதவினது போன் தான். எல்லாரிட்டயும் கேட்டு ஒத்துக்கொண்ட பிறகு கூட்டத்தை ரெக்கோட் பண்ணி தனிய இருந்து கேளுங்கோ. மூண்டு விசயத்தை எண்ணுங்கோ: நீங்கள் எத்தினை நிமிசம் கதைச்சீங்கள், எத்தினை கேள்வி கேட்டீங்கள், கேட்டாப்பிறகு எவ்வளவு நேரம் பொறுத்தீங்கள். ஆக்கள் கூச்சத்துக்கு மறைப்பினம், ரெக்கோட் மறைக்காது.

1955 இல ஜோசப் லுஃப்ட், ஹரிங்டன் இங்ஹாம் எண்டு ரெண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு படம் கீறினவை, ரெண்டு பேரின்ர முதல் பேரையும் சேத்து ஜோஹரி ஜன்னல் எண்டு சொல்லுறது. நாலு கண்ணாடி. எனக்கும் தெரிஞ்சு மற்றவைக்கும் தெரிஞ்சது ஒண்டு, எனக்கு மட்டும் தெரிஞ்சது ஒண்டு, ஒருத்தருக்கும் தெரியாதது ஒண்டு, மற்றவைக்குத் தெரியும் ஆனா எனக்குத் தெரியாது எண்டது ஒண்டு. உங்கட பொடியனும் அக்காவும் காட்டினது அந்தக் கடைசியை. அதைத் திறக்க நீங்கள் முதல் உங்கட கண்ணாடியைக் கொஞ்சம் திறக்கோணும், எனக்கு இது பிழைச்சுப் போச்சு எண்டு கூட்டத்தில நீங்களே முதல் சொன்னா மற்றவைக்கும் துணிவு வரும்.

தொடர்பு விசயத்தில ஒரு சின்ன உதவி. 1985 இல இவான் மைஸ்னர் எண்டவர் கலிபோர்னியாவில தொடங்கின பி.என்.ஐ எண்ட தொழில் அறிமுக அமைப்பில ஒரு குழுவுக்கு ஒரு தொழிலுக்கு ஒராள் தான். பெரிய நகரத்துக்கு அது சரி. விசுவமடுவில ரெண்டு வெல்டிங் பட்டறையும் ஒண்டுக்கொண்டு சொந்தமா இருக்கும், ஒராளை வெளிய விட்டா அடுத்த கலியாணவீட்டில கதை முடிஞ்சுது. ஆனா அவையின்ர ஒரு பழக்கத்தை எடுக்கலாம், ஒவ்வொருத்தரும் ஒரு நிமிசம் எழும்பி தனக்கு ஆரைத் தெரிய வேணும் எண்டு திட்டமாச் சொல்லுறது. "எனக்கு ஓடர் வேணும்" எண்டா ஒருத்தராலயும் உதவேலாது. "பள்ளிக்கூடக் கட்டிடம் எடுக்கிற கொன்ராக்கர் ஆரையும் தெரியுமோ" எண்டா உடனே ஒரு போன் நம்பர் வரும். அக்காவுக்குக் குளிர்பானக்காரப் பொடியனால ஓடர் வந்தது போலத் தான், 1973 இலயே மார்க் கிரானவெட்டர் எண்ட சமூகவியலாளர் எழுதியிருக்கிறார், வேலை தேடினவைக்குத் தகவல் கூடுதலாக் கிடைச்சது நெருங்கின ஆக்களால இல்லை, எப்பவாவது காணுற ஆக்களால தான் எண்டு. ஏனெண்டா நெருங்கினவைக்குத் தெரிஞ்சது எங்களுக்கும் தெரியும்.

புதுக்குடியிருப்பு:

எல்லாத்தையும் உங்களில போட்டுக்கொள்ளாதேங்கோ அண்ணை. நான் சைக்கிள் கடை. எங்கட பக்கமும் இப்பிடி ஒரு கூட்டம் நிண்டு போச்சு, காரணம் கடன். ஹாட்வெயார்க்காரரிட்டக் கொப்பிக் கடன் வச்சிருக்கிறவன் அவர் முன்வரிசையில இருக்கிற இடத்துக்கு எப்பிடி வருவான்? அவர் ஒண்டும் கேக்க மாட்டார், நல்ல மனுசன், ஆனா வாறவனுக்கு முகம் குடுக்கேலாது. வராம விட்ட 16 பேரில எத்தினை பேர் ஆருக்குக் கடன் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. முதலே வாய்விட்டு, கூட்டத்தில கடன் கதை எடுக்கிறேல்லை எண்டு கடன் குடுத்தவரைக் கொண்டே சொல்லுவியுங்கோ.

விசுவமடு வெல்டிங்:

மூண்டு கிழமைக்குப் பிறகு வாறன், மன்னிக்கோணும். எல்லாருக்கும் நன்றி, அக்காவுக்கு எல்லாரையும் விடக் கூட.

கேட்டுத்தான் ரெக்கோட் பண்ணினன். பொடியள் போன பிறகு பட்டறைக் கேற்றைப் பூட்டிப்போட்டு இருந்து கேட்டன். கூட்டம் 54 நிமிசம், அதில 37 நிமிசம் நான். கேள்வி 11 கேட்டிருக்கிறன், ஒண்டுக்கும் மூண்டு செக்கன் கூடப் பொறுக்கேல்லை. ஓரிடத்தில சலூன் தம்பி "நான் என்ன நினைக்கிறன் எண்டா" எண்டு தொடங்குறார், உடனே என்ர குரல் மேல ஏறுது. அதுக்குப் பிறகு கடைசி வரைக்கும் அவரின்ர குரலே இல்லை. அந்த இடத்தை நாலு தரம் திருப்பித் திருப்பிக் கேட்டன்.

அடுத்த நாள் அவரின்ர சலூனுக்குப் போய் தலைமயிர் வெட்டக் குந்தினன். தம்பி அண்டைக்கு என்ன சொல்ல வந்தனீர் எண்டு கேட்டிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தன். கத்தரிக்கோல் சத்தம் மட்டும் தான், நல்ல நேரம் போச்சு. பிறகு சொன்னார், பஸ் ஹோல்ற்றில லைற் எரியேல்லை, அதால பொம்பிளையள் வரத் தயங்கினம், ஒரு கம்பம் நட்டு சோலர் லைற் போட்டா நல்லம், நீங்களே கம்பம் அடிக்கலாமே எண்டு கேக்கத்தான் வந்தனான் எண்டு. அக்கா இஞ்ச எழுதினதும் அதே ஹோல்ற்று தான். எனக்கு அரைநாள் வேலை அது. பிரதேச சபைக்குக் கடிதம் குடுத்திட்டன், மறுமொழி வந்த உடனே நடுவம்.

விலகின பொடியனோடயும் போனில கதைச்சன். திரும்பி வரச் சொல்லிக் கேக்கேல்லை, நீ சொன்னது சரி எண்டு மட்டும் சொன்னன். கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்லை, பிறகு "சரி அண்ணை" எண்டான். புதுக்குடியிருப்புத் தம்பி சொன்ன கடன் விசயமும் உண்மை, எண்ணிப் பாத்தன், வராதவையில ஒம்பது பேர் ஹாட்வெயார் அண்ணையின்ர கொப்பியில இருக்கினம், அண்ணையே எல்லாருக்கும் தனித்தனியப் போன் எடுக்கிறன் எண்டிட்டார்.

வாற ஞாயிறு கூட்டம் அக்காவின்ர ஷெட்டில, பின்னேரம் மூண்டு மணிக்கு, அஞ்சுக்கு முதல் முடிப்பம். நடத்திறது சலூன் தம்பி. முதல் விசயம் அக்காவின்ர லேபிள். அச்சக அண்ணை, 200 கிராம் பைக்கற்றுக்கு லேபிள் ஆயிரம் அடிக்க என்ன வரும், திகதி குத்திற கைமெசின் வவுனியாவில எடுக்கலாமோ, ஞாயிறுக்கு முதல் சொன்னீங்கள் எண்டால் நல்லம்.