வலம்புரிச் சங்கு அசல்தானா என்று பார்ப்பது எப்படி? உயிரியல் நூல் அதை இடச்சுருள் என்று சொல்வது ஏன்?

வேதாளை ஆசிரியை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மண்டபத்தை அடுத்த வேதாளையில் வசிக்கிறேன். பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். மதுரையிலிருந்து வந்திருந்த என் சின்னம்மா ராமேசுவரம் கோயிலில் 22 தீர்த்தங்களும் ஆடிவிட்டுத் திரும்பும் வழியில், ஒரு வியாபாரியிடம் இரண்டு உள்ளங்கைகளையும் நிறைக்கிற அளவுள்ள வெண்சங்கு ஒன்றைப் பார்த்து, அது வலம்புரி என்று அவர் சொன்னதை நம்பி, பெரிய தொகை ஒன்றுக்குப் பேசிப் பாதிப் பணத்தையும் கொடுத்து வாங்கி வந்துவிட்டார். மீதியை ஒரு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும்.

எங்கள் பூஜையறையில் பாட்டி காலத்துச் சங்கு ஒன்று இருக்கிறது. இரண்டையும் ஒரே தாம்பாளத்தில் அருகருகே வைத்துப் பார்த்தேன். கண்ணாடியில் பார்த்ததைப் போல ஒன்றின் வாய் ஒரு பக்கமும் மற்றதன் வாய் எதிர்ப்பக்கமும் இருக்கின்றன. ஆகவே புதியது வலம்புரிதான் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் என் மகளின் உயிரியல் புத்தகம், பெரும்பாலான நத்தைகளும் சங்குகளும் வலச்சுருள் கொண்டவை என்றும் இடச்சுருள்தான் அரிது என்றும் சொல்கிறது. அப்படியானால் நாம் அரிதென்று போற்றும் வலம்புரி எது? இந்தச் சங்கு உண்மையானதா என்று வீட்டிலேயே சோதிக்க வழி உண்டா? காதில் வைத்தால் "ஓம்" என்று கேட்பதே சான்று என்று வியாபாரி சொன்னதையும் சேர்த்து விளக்கினால் உதவியாக இருக்கும்.

ராமநாதபுரம் விலங்கியல் ஆசிரியர் (ஓய்வு) எழுதியது:

அம்மா, மீதிப் பணத்தை இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்.

உயிரியலில் சங்கைப் பிடிக்கும் முறை வேறு, நம் பூஜை வழக்கில் பிடிக்கும் முறை வேறு. அறிவியலார் சுருள்முனை மேலே இருக்கும்படியும் வாய் தம்மை நோக்கும்படியும் பிடிப்பார்கள். அப்போது வாய் வலப்பக்கம் திறந்தால் அது வலச்சுருள். நாமோ நீர் வார்க்கும் மூக்குப் பகுதியை மேலே வைத்து, சுருள்முனையைக் கீழே வைத்துப் பார்க்கிறோம். பாட்டியின் சங்கை முதலில் ஒரு விதமாகவும் பிறகு தலைகீழாகவும் பிடித்துப் பாருங்கள்; வாய் இருக்கும் பக்கம் மாறிவிடும். ஆகவே நூல் "இடச்சுருள்" என்று குறிப்பதும் நாம் "வலம்புரி" என்று அழைப்பதும் ஒரே அரிய சங்கைத்தான். இரண்டு வழக்கும் சரியானவையே. சங்கைத் திருப்பிப் பிடிப்பதால் அதன் சுருள் மாறிவிடாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். திருகாணியைத் தலைகீழாகப் பிடித்தாலும் அதன் மரை மாறுவதில்லை அல்லவா?

நம் மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கிடைக்கும் பூஜைச் சங்குக்கு அறிவியல் பெயர் டர்பினெல்லா பைரம். மணலில் பாதி புதைந்து ஊர்ந்து, அங்குள்ள புழுக்களைத் தின்று வாழும் உயிர் அது. நத்தை, சங்கு வகைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட இனங்கள் இயல்பாகவே வலச்சுருள் கொண்டவை. நம் சங்கும் அப்படியே. அதில் எப்போதாவது ஒன்று எதிர்த்திசையில் சுருண்டு பிறந்தால் அதுதான் வலம்புரி.

ஏன் அப்படிப் பிறக்கிறது என்பது நான் வகுப்பில் மிகவும் விரும்பி நடத்திய பகுதி. குளத்து நத்தைகளை வைத்துக் கிடைத்த முடிவுகளைக் கொண்டு, குட்டியின் சுருள் திசையைத் தீர்மானிப்பது அதன் சொந்த மரபணு அன்று, தாயின் மரபணுவே என்று 1923இல் ஆல்ஃபிரட் ஸ்டர்ட்டவன்ட் விளக்கினார். முட்டைக்குள் தாய் வைத்துவிட்ட பொருள், கரு நான்கு செல்களிலிருந்து எட்டு செல்களாகப் பிரியும்போது புதிய செல்கள் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை நிர்ணயிக்கிறது. அந்தச் சிறு சாய்வே பின்னர் ஓட்டின் சுருளாக வளர்கிறது. அதற்குக் காரணமான ஒரே மரபணுவை முடக்கி, வலச்சுருள் நத்தையிலிருந்து இடச்சுருள் குட்டிகளை ஜப்பானிய ஆய்வாளர்கள் பெற்றதாக 2019இல் அறிக்கை வந்தது. பல நத்தை இனங்களில் எதிர்ச்சுருள் உடையது மற்றவற்றோடு இணை சேர்வது கடினம் என்பதால், அந்தத் தன்மை பெருகாமல் அரிதாகவே நின்றுவிடுகிறது.

இனி உங்கள் சங்கைப் பற்றி. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் லைட்னிங் வெல்க் என்றொரு கடல்நத்தை வாழ்கிறது. அந்த இனத்துக்கு எதிர்ச்சுருளே இயல்பு. டெக்சாஸ் மாநிலம் 1987இல் அதைத் தன் மாநிலச் சின்னங்களில் ஒன்றாக ஏற்றது. அங்கே சாதாரணமாகக் கிடைக்கும் அந்த ஓடுதான் இங்கே வெளுப்பாக்கி மெருகேற்றப்பட்டு வலம்புரி என்று விற்கப்படுகிறது. வாய் இருக்கும் பக்கத்தை மட்டும் பார்த்தால் யாரும் ஏமாறுவார்கள். வாய்க்குள் விரலை விட்டு நடுத்தண்டைத் தடவிப் பாருங்கள். டர்பினெல்லாவாக இருந்தால் மூன்று அல்லது நான்கு வரம்புகள், வயலில் வரப்பு இருப்பதைப் போல, குறுக்கே எழும்பி நிற்பது விரலுக்குத் தெரியும். வெல்க் ஓட்டில் அந்த இடம் வழவழப்பாக இருக்கும். இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது. நம் சங்கின் ஓடு பீங்கானைப் போலத் தடித்துக் கனமாகவும் இருக்கும்.

காதில் கேட்கும் ஒலி சான்றாகாது. நம்மைச் சுற்றியுள்ள மெல்லிய ஓசைகளில் சில, ஓட்டின் உட்குழிவில் அதிர்ந்து வலுப்பெறுவதால் அப்படிக் கேட்கிறது; வெறும் குவளையைக் காதில் கவிழ்த்தாலும் அதே இரைச்சல் வரும். ஓசையே இல்லாத அறையில் சங்கும் ஏறக்குறைய மௌனமாகிவிடும்.

கீழக்கரைக் குளியாளி மகன் எழுதியது:

டீச்சர், ஆசிரியர் ஐயா சொன்ன வரம்புச் சோதனைதான் சரியானது. எடையை மட்டும் நம்ப வேண்டாம் என்று சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். வயதேறிய சங்கு கனக்கும், இளஞ்சங்கு கனக்காது. இது கையில் ஆயிரக்கணக்கில் எடுத்துப் பார்த்தவர்களுக்கே பிடிபடும்.

என் வாப்பாவும் அவருடைய வாப்பாவும் சங்கு குளித்தவர்கள். பாட்டனார் காலத்தில் கல்லைக் காலில் கோத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். வாப்பா கண்ணாடி மாட்டி, காலில் அலுமினியத் தகட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினார். பாருக்கு, அதாவது கடலடிப் பாறைத் திட்டுக்கு, நடுவில் மணல் விரிந்த இடங்களில்தான் சங்கு ஊரும். நீர் தெளிந்திருந்தால் சங்கைத் தேட வேண்டியதில்லை, அதன் தடத்தைத் தேட வேண்டும் என்பார். மணலில் விரலால் இழுத்த கோட்டைப் போல ஒரு வரி போகும். அதன் முடிவில் சிறு மேடு இருக்கும். மேட்டுக்குள் சங்கு இருக்கும். கடல் கலங்கிய நாட்களில் அந்தக் கோடு தெரியாது, அன்று வல்லம் இறக்குவதே வீண்.

வெள்ளையாக இருப்பதைப் பார்த்துப் பழகியவர்கள் கடலிலிருந்து வந்த புதுச் சங்கைப் பார்த்தால் சங்கு என்றே நம்ப மாட்டார்கள். மேலே பழுப்பு நிறத்தில், வெல்வெட்டைப் போல ஒரு தோல் போர்த்தியிருக்கும். அதைச் சுரண்டிக் கழுவிய பிறகே வெண்மை வெளிப்படும். உங்களிடம் விற்றவரிடம் தோல் நீக்காத சங்கு ஒன்றைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். இந்தக் கரையில் எடுத்தது என்று சொல்பவரிடம் அது இருக்க வேண்டும்.

ஆசிரியர் ஐயா தாயின் மரபைப் பற்றி எழுதியதைப் படித்தபோது எனக்குச் சங்குப்பூ நினைவுக்கு வந்தது. பெண் சங்கு இடும் முட்டைக் கூட்டை நாங்கள் அப்படித்தான் அழைக்கிறோம். ஆட்டுக்கடாவின் கொம்பைப் போல முறுகி, அடுக்கடுக்கான அறைகளாக இருக்கும். அதிலிருந்து குஞ்சுகள் மிதந்து போவதில்லை. சிறு சங்குகளாகவே உருவெடுத்து, கூட்டைவிட்டு ஊர்ந்து வெளியேறும். பிறந்த இடத்தைவிட்டு அதிகத் தூரம் போகாத உயிர் என்பதால், ஒரு மணல்பரப்பில் சிறியவற்றையும் சேர்த்து அள்ளிவிட்டால் அந்த இடம் மீண்டும் நிறைய நெடுங்காலம் ஆகும். இழுவை மடியில் சங்குப்பூவும் சேர்ந்து வாரிக்கொண்டு வரும்போது எனக்கு மனம் பதைக்கிறது. வாப்பா கைக்கு அடங்காத சிறு சங்கை எப்போதும் திரும்பக் கடலில் விட்டுவிடுவார். வாழ்நாள் முழுவதும் குளித்த அவர் தம் கையால் ஒரு வலம்புரிகூட எடுத்ததில்லை. பேசிய விலைக்குத் தட்டுத்தட்டாக வலம்புரி அடுக்கி வைத்திருக்கும் இடத்தைக் கண்டால் நான் நின்றுகூடப் பார்ப்பதில்லை.

தேவிபட்டினம் வாசகர் எழுதியது:

இயற்கையைப் பற்றி இருவரும் நிறைவாக எழுதிவிட்டதால், வரலாற்றையும் சமயத்தையும் பற்றிச் சிறிது சேர்க்கிறேன். வலம்புரியின் அருமையை நம் முன்னோர் ஒரு கணக்காகவே சொல்லி வைத்தார்கள். ஆயிரம் இடம்புரிகள் (பாட்டியுடையதைப் போன்ற சாதாரணச் சங்குகள்) சூழ ஒரு வலம்புரி, ஆயிரம் வலம்புரிகள் சூழ ஒரு சலஞ்சலம், ஆயிரம் சலஞ்சலங்கள் சூழ ஒரு பாஞ்சசன்னியம் என்பது நிகண்டு மரபு. இதை எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளாமல், திருமாலின் கையிலுள்ள சங்குக்கு அவர்கள் கொடுத்த உயரத்தின் அளவாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ஆண்டாள் திருப்பாவையின் நான்காம் பாசுரத்தில் மழைமேகத்தின் மின்னலுக்குச் சக்கரத்தையும் இடிக்கு வலம்புரியின் முழக்கத்தையும் உவமையாக்குகிறார். சேதுக்கரைக்கு நீராடப் போகும் வழியில் திருப்புல்லாணிப் பெருமாளைச் சேவிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாசுரம் நினைவுக்கு வருகிறது. சிவன் கோயில்களில் கார்த்திகைச் சோமவாரத்தில் நடக்கும் சங்காபிஷேகத்தில் நூற்றெட்டும் ஆயிரத்தெட்டுமாக அடுக்கப்படுபவை பெரும்பாலும் இடம்புரிகளே. ஆகவே பாட்டியின் சங்கு பூஜைக்குக் குறைந்தது என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. திபெத்திய பௌத்தர்களின் எட்டு மங்கலச் சின்னங்களிலும் வலம்புரி ஒன்று.

ஆனால் இந்தச் சங்கை உலகுக்குக் கொண்டுபோனது பூஜையைக் காட்டிலும் வளையல்தான். சிந்துவெளி மக்கள் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதே இனச் சங்கை அறுத்து வளையல் செய்தார்கள். குஜராத்தின் நாகேஸ்வரில் அந்தப் பட்டறைகளின் எச்சங்கள் கிடைத்துள்ளன. நம் மாவட்டத்தில் வைகை கடலில் கலக்கும் இடத்துக்கு அருகிலுள்ள அழகன்குளத்தில், 1986-87 முதல் நடந்த அகழாய்வுகளில் ரோமானியக் காசுகளோடும் கப்பல் உருவம் கீறிய பானையோட்டோடும் சங்கு வளையல் துண்டுகளும் கிடைத்தன. வேள்வி செய்யாத பார்ப்பனர் ஒருவர் அரத்தால் சங்கை அறுத்து வளையல் எடுத்துவிட்டு, எஞ்சிய நுனியைக் கழித்துப் போடும் காட்சி அகநானூற்றின் 24ஆம் பாடலில் வருகிறது. பகன்றைக் கொடியின் அரும்புக்கு அதைப் புலவர் உவமை சொல்கிறார். பட்டறையைக் கண்ணால் கண்டவரால்தான் அப்படி எழுத முடியும்.

வங்காளத்தில் மணமான இந்துப் பெண்கள் இன்றும் அணியும் வெண்ணிற வளையல் இந்தச் சங்கை வளையமாக அறுத்துச் செய்ததே. கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் அங்கே சங்கு போனது பல நூற்றாண்டு வணிகம். டாக்காவில் சங்கறுப்போர் வாழ்ந்த தெரு இன்னும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. முஸ்லிம்களும் பரதவரும் மூழ்கி எடுத்த சங்கு, வங்காளத்து மணமகளின் கையில் மங்கலமாக நிற்பதை நினைக்க எனக்குப் பெருமையாக இருக்கிறது.

வேதாளை ஆசிரியை மீண்டும் எழுதியது:

ஐயாவுக்கும், அண்ணனுக்கும், தேவிபட்டினத்தாருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு சின்னம்மாவையும் உட்கார வைத்துக்கொண்டு சோதித்துப் பார்த்தேன். பாட்டியின் சங்கில் சுட்டு விரலை விட்டவுடன் மூன்று வரம்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நகத்தில் தட்டின. நான்காவது ஒன்று இருக்கிறதோ இல்லையோ என்னும்படி மெலிந்து கிடந்தது. புதிய சங்கில் விரல் அடிவரை வழுக்கிக்கொண்டே போயிற்று. சின்னம்மாவும் தம் விரலாலேயே தடவிப் பார்த்துவிட்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவரே, நாளைக்குக் காலையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார். இன்று போனோம். வியாபாரி முதலில் ஒப்பவில்லை. தோல் நீக்காத சங்கு ஒன்றைக் காட்டுங்கள் என்று கேட்டதும் பேச்சு மாறியது. கொடுத்த தொகையில் ஒரு பகுதி மட்டுமே கைக்கு வந்தது.

பாட்டியின் சங்கைச் சின்னம்மா மதுரைக்கு எடுத்துப்போக விரும்புகிறார்; அம்மாவும் சம்மதித்துவிட்டார். ஒரே ஒரு சந்தேகம். பித்தளை விளக்குகளோடு அதையும் சேர்த்துப் புளி போட்டுத் தேய்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். இப்போது அதன் மேற்பரப்பு மங்கிச் சொரசொரப்பாக இருக்கிறது. அதைச் சரிசெய்ய முடியுமா?

கீழக்கரைக் குளியாளி மகன் எழுதியது:

டீச்சர், புளியும் எலுமிச்சையும் சங்குக்கு ஆகாது. சங்கு சுண்ணாம்புச் சத்தால் ஆனது. புளிப்பு எதுவானாலும் அதை மெல்ல மெல்லக் கரைத்துவிடும். சொரசொரப்பு அதனால் வந்ததுதான். வெறும் நீரில் ஊறவைத்து, மெல்லிய பருத்தித் துணியால் துடைத்து, நிழலில் காயவிட்டு, துளி தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவிவிடுங்கள். பழைய மினுமினுப்பு முழுவதும் திரும்பாது, இதற்கு மேல் கரையாமல் இருக்கும். வாய்க்குள் இருக்கும் வரம்புகளில் புளிச் சக்கை தங்கியிருந்தால், ஈர்க்குச்சியின் நுனியில் துணியைச் சுற்றி அதை எடுத்துவிட்டு அனுப்புங்கள்.