உதவி: மாடல் டி பானட்ல பெயின்ட் வெள்ளையா பூத்துப் போச்சு, மழைக்காலத்துல என்ன பண்றது?

அரசலாறு (கும்பகோணம்)

வணக்கம். ரெண்டு வருஷமா அலமாரி மேல கெடந்த ஃபோர்டு மாடல் டி கிட்டை (பாகங்களை ஒட்டிச் சேர்க்கிற பிளாஸ்டிக் பழைய கார் மாடல், 1912 டூரிங், நிஜ வண்டியில 24-ல ஒரு பங்கு அளவு) தீபாவளி லீவுல பிரிச்சேன். சேஸி, எஞ்சின் எல்லாம் நல்லபடியா தேறிடுச்சு. பானட்டுக்கும் பாடிக்கும் கருநீலம் அடிச்சதுலதான் வினை. காலையில மழை விட்டிருந்துச்சு, சரி இதான் நேரம்னு மாடிக்குப் போய் ஸ்ப்ரே கேன்ல அடிச்சேன். அடிச்சப்போ கண்ணாடி மாதிரி இருந்துச்சு. காபி குடிச்சிட்டு வந்து பார்த்தா பானட் பூரா விபூதி பூசுன மாதிரி! துணியால துடைச்சாலும் போகலை. கேன் புதுசு, அடியில பிரைமரும் அடிச்சிருக்கேன்.

இன்னும் மூணு தொல்லை. பாகங்கள் ஒட்டிக்கிட்டு வர்ற பிளாஸ்டிக் ஃப்ரேம்லேர்ந்து வெட்டும்போது முன் சக்கரத்துல ரெண்டு ஸ்போக் ஒடிஞ்சிடுச்சு. முன் கண்ணாடியை சூப்பர் குளூ வெச்சு ஒட்டினேன், ஓரமெல்லாம் புகை படிஞ்ச மாதிரி ஆயிடுச்சு. கடைசியா, டயருக்கு வெளிர் சாம்பல் அடிக்கணும்னு தாள்ல போட்டிருக்கு. அச்சுப் பிழையா? டயர் கறுப்புதானே?

முடிச்சதும் "எங்க ஊர் மிராசுதார் கார்"னு எழுதி ஷோகேஸ்ல வைக்கணும்னு ஆசை.

குடமுருட்டி (பாபநாசம்)

நெயில் பாலிஷ் ரிமூவர் பஞ்சுல தொட்டுத் துடைங்க, மொத்தமா போயிடும். முதல்லேர்ந்து அடிச்சிக்கலாம்.

பட்டறைக்காரன் (மன்னார்குடி)

தம்பி, ரிமூவரைத் தொட்டுடாதீங்க. அது அசிட்டோன். பெயின்டோட பானட்டும் சேர்ந்து போயிடும், கிட்டோட பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன், அது அசிட்டோன்ல கரையும்.

நிஜ கார்களுக்கு டிங்கரிங், பெயின்டிங் பார்த்து முப்பது வருஷம் ஆச்சு. கேன் மேல தப்பு இல்லை, நாள் மேல தப்பு. தின்னர் சீக்கிரம் ஆவியாகுது இல்லையா, போகும்போது சூட்டையும் இழுத்துக்கிட்டுப் போகும். மண்பானைத் தண்ணி சில்லுனு ஆகுற அதே கணக்கு. பரப்பு குளிர்ந்ததும் காத்துல இருக்கிற ஈரம் அது மேல பனியா இறங்கும், பெயின்ட் காயுறதுக்குள்ள உள்ள மாட்டிக்கும். அந்த வெள்ளை அதுதான். கேனை விடாம அடிச்சா கேனே கையில ஜில்லுனு ஆகும், கவனிச்சிருப்பீங்க. அந்தக் குளிரும் இதோட சேருது. மழை விட்ட காலைதான் இருக்கறதுலயே மோசமான நேரம். தரை காஞ்ச மாதிரி தெரியும், காத்து பூரா தண்ணி.

வெள்ளை மேலாப்புலதான் இருக்கும். மூணு நாள் தொடாதீங்க. நல்லா வெயிலடிக்கிற நாளா பார்த்து மதியம் பதினொண்ணுலேர்ந்து மூணுக்குள்ள அதே கேன்ல பொடித் தூறலா ஒரே ஒரு பூச்சு. புதுப் பெயின்ட்ல இருக்கிற தின்னர் பழசை இளக்கும், மாட்டின ஈரம் வெளிய போயிடும், நிறம் திரும்பும். அடிக்கிறதுக்கு முன்னாடி கேனைப் பத்து நிமிஷம் வெதுவெதுப்பான தண்ணியில நிறுத்துங்க. கொதிக்கிற தண்ணி வேண்டவே வேண்டாம், வெடிச்சிடும். அப்பவும் கொஞ்சம் மிச்சம் இருந்தா 2000 நம்பர் வாட்டர் பேப்பரை (ரொம்ப நைஸான உப்புத்தாள்) தண்ணியில நனைச்சு லேசா தேய்ச்சு பாலிஷ் போடுங்க.

ஐப்பசி கார்த்திகையில பட்டறையில நாங்களே சீக்கிரம் ஆவியாகாத தின்னருக்கு மாறிடுவோம். கேன்ல அதுக்கு வழி இல்லை.

குடமுருட்டி

மன்னிச்சிடுங்க அண்ணே. வீட்டுல தகரத்துல செஞ்ச பழக்கம். ரிமூவர் சொன்னது வாபஸ்.

ஸ்போக்குக்கு ஒரு வழி இருக்கு. கிட் ஃப்ரேம்லேர்ந்து ஒரு துண்டு வெட்டி மெழுகுவத்திக்கு மேல பிடிச்சு, இளகினதும் தீயை விட்டு எடுத்து ரெண்டு பக்கமும் மெதுவா இழுங்க. நூல் மாதிரி வரும். வேண்டிய தடிமன்ல வெட்டி ஒட்டுங்க. பொறுமை இல்லைன்னா விளக்கமாத்து ஈர்க்குச்சி. சீவினா சரியா ஸ்போக் கனத்துக்கு வரும், பெயின்ட் மூடினா யாருக்கும் தெரியாது. நிஜ வண்டியிலயும் சக்கரம் மரம்தான், ஒரு சக்கரத்துக்கு 12 ஸ்போக். 1:24-ல சக்கரமே மூணு சென்டிமீட்டர் சொச்சம், ஒடியாம வெட்டினாதான் ஆச்சரியம்.

வெண்ணாறு (தஞ்சாவூர்)

டயர் அச்சுப் பிழை இல்லை சார், தைரியமா சாம்பல் அடிங்க. கறுப்பா ஆக்குற கார்பன் பவுடர் அப்போ ரப்பர்ல பரவலா கலக்கலை. ஜிங்க் ஆக்சைடு கலந்ததால அந்தக் காலத்து டயர் வெளுப்பாதான் இருந்துச்சு. பால் மாதிரி வெள்ளை அடிக்காதீங்க, ரோட்டுல ஓடின வண்டி. சாம்பல் மேல லேசா மண் நிறம் தேய்ச்சுடுங்க.

கண்ணாடியில இருக்கிறது சூப்பர் குளூ ஆவி, அங்கேயே படிஞ்சு வெள்ளையாகுது. பருத்தித் துணியில கொஞ்சம் டூத் பேஸ்ட் தொட்டுப் பொறுமையா தேய்ச்சா குறையும். இனிமே கண்ணாடிக்கு ஃபெவிகால் மட்டும், காஞ்சா தெரியாது.

இனி என் பங்கு வம்பு. மிராசுதார் கார்னா ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்கணும். பிரிட்டிஷ் ஆட்சியில இருந்த நாடுகளுக்கு மாடல் டி அனுப்பினது ஃபோர்டோட கனடா தொழிற்சாலை, அதனால வலது பக்க ஸ்டீயரிங். உங்க கிட் அமெரிக்க வண்டி, இடது பக்கம். மாத்தினா பெடல் மூணும், கை லீவரும் சேர்ந்து மாறணும். இல்லைன்னா மிராசுதார் அமெரிக்காவுலேர்ந்து தருவிச்சாருன்னு எழுதிடுங்க, யார் கேட்கப் போறா!

குடமுருட்டி

கறுப்பு அடிச்சிட்டா வெள்ளைத் தொல்லையே இல்லையே? மாடல் டினாலே கறுப்புதானே.

வெண்ணாறு

கறுப்பு மட்டும்னு ஆனது 1914 முதல் 1925 வரைக்கும். 1912-க்கு கருநீலம்தான் சரி. "1914 வண்டி"னு பெயர் மாத்தவும் முடியாது, 1913-லயே பாடி வடிவம் மாறிடுச்சு. அதோட, கறுப்பு மேல பூத்தா இன்னும் பளிச்சுனு தெரியும்.

பித்தளைக்கு வாங்க. ரேடியேட்டரும் விளக்கும் பித்தளை, கிட்டுல வர்ற தங்க நிறத்தை அப்படியே அடிச்சா பொம்மை மாதிரி இருக்கு. முதல்ல பளபள கறுப்பு, அது காஞ்சதும் மெலிசா தங்கம். நிறம் பார்க்க நாச்சியார்கோயில் குத்துவிளக்கை எடுத்து வெச்சுக்கோங்க. புளி போட்டு விளக்கின அன்னைக்கு ஒரு நிறம், ஒரு வாரம் எண்ணெய் ஊத்தி ஏத்தினப்புறம் வேற நிறம். ரெண்டாவதுதான் வேணும். கதவுக்குக் கீழ படிக்கட்டு மேல சின்ன பித்தளைக் குடுவை நிக்குதே, அது ஹெட்லைட்டுக்கு கேஸ் தயாரிக்கிற பாத்திரம். மாம்பழம் பழுக்க வைக்கிறாங்களே அதே கார்பைடு கல் மேல தண்ணி சொட்டி அசிட்டிலீன் வரும்.

அரசலாறு

எல்லாருக்கும் நன்றி. நாலு நாள் கழிச்சு எழுதறேன். வியாழக்கிழமை வெயில் வந்துச்சு, பதினொண்ணே கால்ல அடிச்சேன். பானட் திரும்பிடுச்சு, ஒரு மூலையில மட்டும் நகக்கண் அளவு வெள்ளை இருக்கு, வாட்டர் பேப்பர் போடணும். ஈர்க்குச்சி ஸ்போக் நின்னுடுச்சு. அம்மா விளக்கமாத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாங்க, அதை இங்க எழுதலை. ஸ்டீயரிங் இடது பக்கமே இருக்கட்டும்.

கதவு, மட்கார்டு இன்னும் அடிக்கலை, நாளைக்கு மேகமாம். பிஸ்கட் டின்னுக்குள்ள 40 வாட் குண்டு பல்பு போட்டு அதுல வெச்சுக் காய வைக்கலாமா?

பட்டறைக்காரன்

வைக்கலாம், பல்பு பாகத்துல படாம தள்ளி இருக்கணும். உள்ள கை விட்டா வெதுவெதுப்பா இருக்கணும், சுட்டா மட்கார்டு வளைஞ்சிடும். பல்பைப் போட்டுட்டுத் தூங்கிடாதீங்க. ஆனா அடிக்கிறது வெளியில ஈரக் காத்துல நின்னு அடிச்சிட்டு அப்புறம் டின்ல வெச்சா பிரயோஜனம் இல்லை, அதுக்குள்ள பூத்திருக்கும். பாகத்தை முதல்ல டின்ல அரை மணி நேரம் சூடாக்கி, எடுத்த சூட்டோட அடிச்சு, திரும்ப உள்ள வைங்க.