ஃபியூஷா குளிர்காலத்தைத் தாண்டுமா? போன வருடம் மூன்று செடி போய்விட்டது

மாடிச்செடி (ரெடிங், இங்கிலாந்து), அக்டோபர் 24

வணக்கம். போன வருடம் மே மாதம்தான் முதல்முறை ஃபியூஷா வாங்கினேன். அம்மா வீடியோவில் பார்த்துவிட்டு "ஜிமிக்கி மாதிரியே தொங்குதே" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு ஜிமிக்கிப் பூ என்றுதான் பெயர்.

குளிர் வருகிறதே என்று மூன்று தொட்டிகளையும் சமையலறையில் ரேடியேட்டருக்கு மேல் ஜன்னலோரம் வைத்தேன். பத்தே நாளில் இலையெல்லாம் கொட்டிவிட்டது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து தினமும் ஊற்றினேன். பொங்கலுக்குள் தண்டு கறுத்துவிட்டது, இழுத்தால் வேர் அழுகிக் கையோடு வந்தது. தூக்கிப் போட மனசே வரவில்லை.

இந்த வருடம் இரண்டு செடி இருக்கிறது. தொங்கும் கூடையில் ஸ்விங்டைம் என்ற ஃபியூஷா ரகம், சிவப்பும் வெள்ளையுமாக அடுக்குப் பூ. இன்னொன்று மிஸஸ் பாப்பிள் என்ற ரகம். பக்கத்து வீட்டுப் பாட்டி வேர்பிடிக்க வைத்துக் கொடுத்தார், ஜூனில் தரையில் நட்டேன். இரண்டும் இன்னும் பூக்கின்றன. அடுத்த வாரம் இரவில் 1 டிகிரி என்கிறார்கள். எதை உள்ளே எடுப்பது, எதை வெளியே விடுவது? கிரீன்ஹவுஸ் இல்லை, ஒரு மர ஷெட் மட்டும் உண்டு.

வடக்குத்தோட்டம் (பிரெஸ்டன்), அக்டோபர் 24

மூன்று செடி போனது வருத்தம்தான். ஆனால் அவற்றைக் குளிர் தொடவே இல்லை. வெளிச்சம் குறைந்த நாளில் ரேடியேட்டர் சூட்டில் வைத்ததால் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கப் போயிருக்கின்றன. இலை இல்லாத செடி தண்ணீரை எங்கே இழுக்கும்? ஊற்றியதெல்லாம் வேரடியிலேயே தேங்கி அழுகவைத்திருக்கிறது.

கூடையில் இருக்கும் ஸ்விங்டைம் உறைபனியைத் தாங்காது, அதை முதலில் கவனியுங்கள். கிளைகளைப் பாதி நீளத்துக்கு வெட்டுங்கள். மிச்சமிருக்கும் இலை, பூ, காய் எல்லாவற்றையும் கையால் உருவிவிடுங்கள். இலையை விட்டால் ஷெட்டின் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். அப்புறம் செடியைக் கூடையிலிருந்து வெளியே எடுத்து மண்ணைப் பாருங்கள். வெள்ளை உடம்பும் பழுப்புத் தலையுமாகச் சுருண்ட புழு இருந்தால் அது கூன்வண்டின் புழு. வேரைத் தின்றுகொண்டே குளிர்காலத்தை ஓட்டிவிடும். மண்ணை உதறிப் பொறுக்கிவிட்டுப் புது மண்ணில் வையுங்கள்.

ஷெட்டில் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். 4 முதல் 7 டிகிரி வரை இருந்தால் அருமை. பூஜ்யத்துக்குக் கீழே போகும் இரவில் பழைய கம்பளியால் சுற்றிவிடுங்கள். இலை இல்லாததால் இருட்டு பரவாயில்லை. தண்ணீர் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை, அரை டம்ளர். மண் தூளாகக் காயக்கூடாது, அவ்வளவுதான்.

மிஸஸ் பாப்பிள் நெடுங்காலமாக இங்கே தோட்டங்களில் இருக்கும் ரகம், வெளியிலேயே நிற்கும். ஆனால் உங்களுடையது ஜூனில் நட்ட சின்னச் செடி. அடித்தண்டு 5 சென்டிமீட்டராவது மண்ணுக்குள் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் மண் அணைத்துவிட்டு மேலே காய்ந்த இலை மூடாக்கு போடுங்கள். குச்சியாகத் தெரிகிறதே என்று இப்போது கவாத்து செய்யவேண்டாம். அந்தக் காய்ந்த கிளைகள்தான் அடிக்குருத்துக்குப் போர்வை. ஏப்ரலில் துளிர் தெரிந்த பிறகு வெட்டலாம்.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. 2010 டிசம்பரில் இங்கே அடித்த குளிரில் என் மிஸஸ் பாப்பிள் தரைமட்டமாகிவிட்டது. மார்ச், ஏப்ரல் முழுக்க ஒன்றுமில்லை. அந்த இடத்தில் ரோஜா வைக்கலாம் என்று மே கடைசியில் மண்வெட்டியோடு போனால் மூன்று சிவப்புக் குருத்து! இப்போது அது என் தோள் உயரம்.

கார்க்கரையோரம் (அயர்லாந்து), அக்டோபர் 25

எங்கள் மேற்குக் கார்க் பக்கம் சாலையோர வேலி முழுக்க ஃபியூஷாதான், ஆளுயரத்துக்கு. சிலியிலிருந்து வந்த மகெல்லானிக்கா வகை. கடல் காற்றால் இங்கே கடும் உறைபனி அபூர்வம். ஐரிஷ் மொழியில் இதை 'ஜோரா ஜே' என்பார்கள், கடவுளின் கண்ணீர் என்று பொருள். உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், ஜிமிக்கியும் சரி, கண்ணீரும் சரி, இரண்டுமே பார்த்து வைத்த பெயர்கள்.

தென்கரை (பிரைட்டன்), அக்டோபர் 25

பக்கத்து வீட்டுச் செடியிலிருந்து வந்தது என்பதால் ஒன்று பார்த்துவிடுங்கள். நுனிக் குருத்து தடித்து, சிவந்து, கோணலாக இருந்தால் அது ஃபியூஷா முடிச்சுச் சிலந்திப்பேனின் (gall mite) வேலை, கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சி. பிரேசிலிலிருந்து பரவியது, 2007-ல் இங்கிலாந்துக்கு வந்தது. வீட்டுத் தோட்டத்தில் அடிக்க மருந்து இல்லை. பாதித்த பகுதியை வெட்டி அழிக்கத்தான் வேண்டும். அந்தச் செடியிலிருந்து யாருக்கும் குச்சி ஒடித்துக் கொடுக்காதீர்கள்.

மாடிச்செடி, அக்டோபர் 29

நுனியெல்லாம் சுத்தமாக இருக்கிறது. ஆனால் கூடை மண்ணில் ஏழு புழு! எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். ஸ்விங்டைம் இப்போது வெறும் குச்சியாக ஷெட்டில் இருக்கிறது. போய்ப் போய்ப் பார்க்கத் தோன்றுகிறது.

வடக்குத்தோட்டம், அக்டோபர் 29

பாருங்கள், ஆனால் போகும்போதெல்லாம் தண்ணீர் ஊற்றாதீர்கள். சந்தேகம் வந்தால் தண்டை நகத்தால் லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

மாடிச்செடி, ஏப்ரல் 11

மார்ச் முதல் வாரம் ஸ்விங்டைமை ஜன்னலோரம் கொண்டுவந்தேன். ரேடியேட்டர் இல்லாத ஜன்னல். இப்போது எல்லாக் கணுவிலும் துளிர். தரையில் மிஸஸ் பாப்பிள் இன்னும் குச்சிதான், கீறினால் பழுப்பு.

வடக்குத்தோட்டம், ஏப்ரல் 11

ஸ்விங்டைமில் மூன்று ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக் கிளை வரும். அடுக்குப் பூ என்பதால் கடைசியாகக் கிள்ளியதிலிருந்து பூக்கப் பத்து வாரம் போல ஆகும், அதற்கேற்ப நிறுத்திக்கொள்ளுங்கள். மிஸஸ் பாப்பிளின் மேல்தண்டு போனாலும் அடியிலிருந்து வரும். ஜூன் வரை அங்கே மண்வெட்டி வைக்கவேண்டாம்.