கயித்துல கவ்வுற முடிச்சு: மரத்துல ஏறக்க உங்களுக்கு நடந்ததச் சொல்லுங்க

கல்லடிக்காரன்:
எங்கட வளவுக்குப் பின்னால ஒரு கிழட்டுப் புளி நிக்குது, 1978 சூறாவளியில பாதி முறிஞ்சு புறகு துளிர்த்த மரமெண்டு அம்மா சொல்லுவா. மாரிக்கு முன்னம் கூரைக்கு மேல சாஞ்ச கொப்ப எடுக்கோணும். தென்னையெண்டா தளைநார் காணும், இது கட்டிப்பிடிக்க ஏலாத பருமன், கொப்புக் கொப்பா வெளியால போய் வெட்டோணும். வெளிநாட்டுல மரம் வெட்டுற வேலை செஞ்ச மச்சான் லீவுல வந்து நிக்கக்க எனக்குப் பழக்கித் தந்தவர். கயித்த கவட்டுக்கு மேலால போட்டு ஒரு தலைப்ப இடுப்பு பெல்ட்டுல கட்டுறது, இறங்கி வார மத்தப் பக்கத்தில புரூசிக் எண்ட கவ்வுற முடிச்சப் போட்டு அதையும் பெல்ட்டோட கொழுவுறது. ரெண்டு பக்கமும் பாரத்தப் பங்குபோடுறதால முடிச்சுல அரைவாசிதான் விழும். ஒஸ்ட்ரியா நாட்டு மலையேறி கார்ல் புரூசிக் 1931ல வெளியில சொன்ன முடிச்சு, மெல்லிசான கயித்து வளையத்த ஏறுற கயித்துல மூணு தரம் சுத்தி அதுக்குள்ளாலயே எடுக்கிறது. கையால தள்ளினா நகரும், பாரம் விழுந்தா கவ்வும்.

மச்சான் போன புறகு நான் தனிய ஏறின நாள் நடந்ததத்தான் சொல்ல வந்தன். பழைய வளையம் நைஞ்சுபோச்சு, மீன்சாமான் கடையில புது நைலோன் வாங்கினன், பார்க்க நல்ல வலுவா இருந்திச்சு, ஆனா ஏறுற கயித்துட தடிப்பும் இதுட தடிப்பும் ஒண்டு, ரெண்டும் 12 மில்லி. விறைப்பான கயிறு, மூணு சுத்தும் ஒண்டோட ஒண்டு ஒட்டாம வாய் பிளந்து நிண்டிச்சு, நான் பார்த்தும் பார்க்காத மாதிரி ஏறிட்டன். 15 அடி இருக்கும், சாஞ்சு இருந்தன், சரசரெண்டு வழுக்குது. பயத்தில முடிச்சையே பொத்திப் பிடிச்சுட்டன். கடவுளே, பிடிக்கப் பிடிக்க அது இன்னும் வேகமா இறங்குது, கீழ்க்கொப்புல கால் தட்டினதாலதான் நிண்டன். உள்ளங்கை ரெண்டும் தோல் உரிஞ்சுபோச்சு. இரவு மச்சானுக்கு கோல் எடுத்தா அவர் முதல்ல கேட்டது, "முடிச்சப் பிடிச்சியா?" எண்டு. நம்மட கை அதுக்கு மேல இருந்தா தள்ளிக்கொண்டே இருக்கிறம், அது எப்பிடிக் கவ்வும்? விட்டாத்தான் கவ்வும். உயிர் போற நேரத்தில கைய விடுறதெண்டது லேசில்ல, நிலத்துக்குக் கிட்ட நிண்டு பத்து இருபது தரம் பழகினாத்தான் வரும்.

இப்ப 12 மில்லி கயித்துக்கு 8 மில்லி வளையம், நாலு சுத்து. முழங்கால் உயரத்தில தொங்கிக் குலுக்கிப் பார்க்காம மேல போறேல்ல. உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்க.

திருக்கோவில் தம்பி:
அண்ணே, நான் பிளேக்ஸ் முடிச்சுத்தான். வேற வளையம் தேவையில்ல, பெல்ட்டுல கட்டின தலைப்புட மிச்ச வாலாலயே போடலாம். நாலு சுத்து மேல போகோணும், மறுகா வால் கீழ வந்து, பெல்ட்டுல இருந்து முடிச்சுக்கு வந்து நம்மளத் தாங்குற கயித்துக்கு முன்னால போய், ஏறுற கயித்துக்குப் பின்னால சுத்தி, கீழ் ரெண்டு சுத்துக்குள்ளால வெளிய வரோணும். தாங்குற கயித்தச் சேர்க்காம விட்டா தூரத்தில இருந்து பார்க்க அதே முடிச்சுதான், ஆனா அது நிக்காது. வாகையில ஏற முன்னம் என்னோட வந்த பெடியன் அப்பிடித்தான் கட்டி இருந்தவன், நிலத்தில வச்சே உருவிட்டு. வால் நுனியில 8 வடிவ முடிச்சு ஒண்டும் போடுங்க, பாரம் ஏறி ஏறி வால் உள்ளுக்குள்ள இழுபடும்.

ஏறாவூர்:
நான் பட்டது சூட்டால. மருத மரம், மழை இருட்டிக்கொண்டு வருது, ஒரே இழுவையில இறங்கினன். கீழ வந்து தொட்டா முடிச்சு நெருப்பு, உள்பக்கம் கண்ணாடி மாதிரி மினுங்குது, தடவினா வழுவழு. அந்த இடம் உருகிப்போனா பிறகு கவ்வாது, உடன வெட்டி எறிஞ்சன். நைலோன் 220 டிகிரியில உருகும், தோணிக்காரர் பாவிக்கிற பொலித்தீன் கயிறு 130க்குள்ளயே, அதால ஆரும் முடிச்சுப் போட்டுடாதீங்க, மிதக்கிறதுக்கு நல்லம் மரத்துக்கு ஒண்ணா. மெல்ல இறங்கி இடையில ரெண்டு தரம் நிண்டு போனா கயிறும் மிஞ்சும். வாள் பிடிக்கக்க இடுப்பில இன்னொரு கயித்தால மரத்தச் சுத்திக் கொழுவுங்க, வாள் பட்டா ஏறுற கயிறு ஒரு நொடியில போயிரும்.

கல்லடிக்காரன்:
தம்பி, நீங்க எழுதினத வாசிச்சுப்போட்டு எழும்பிப் போய்ப் பார்த்தன். பிளேக்ஸ் பழகவெண்டு விறாந்தைத் தூணோட தொங்கவிட்ட கயித்துல ஒரு கிழமையா கட்டி வச்சிருந்தன். வால் தாங்குற கயித்தச் சேர்க்கவேயில்ல. கையால ஒருக்கா இழுத்தன், வந்திட்டு. சனிக்கிழமை இதோட ஏற இருந்தன்.

இப்ப அவிட்டுத் திருப்பிக் கட்டி போட்டோ எடுத்துப் போடுறன், ரெண்டு பேரும் ஒருக்காப் பாருங்க.