ஜெக்கில் ஏன் ‘அவன்’ என்கிறார்?

கேள்வி:
ஸ்டீவன்சனின் ‘டாக்டர் ஜெக்கிலும் மிஸ்டர் ஹைடும்’ (1886) குறுநாவலை நேற்று இரவு இரண்டாம் முறையாக முடித்தேன். ஒரு மருந்தைக் குடித்து ஹைட் என்ற கொடியவனாக மாறும் டாக்டர் ஜெக்கிலின் கதை. அவருடைய வாக்குமூலமாக வரும் கடைசி அத்தியாயத்தில் ஓர் இடத்தைத் தாண்டவே முடியவில்லை. ஹைடின் தப்பியோட்டத்தைச் சொல்லும்போது ஜெக்கில் ‘அவன்’ என்கிறார். ‘நான்’ என்று சொல்ல முடியவில்லை என்றும் எழுதுகிறார். மருந்தைக் கலக்கியது அவர், குடித்தது அவர், அந்த விடுதலையை ருசித்ததும் அவர். அப்புறம் எப்படி ‘அவன்’? எனக்குக் கோபம்தான் வந்தது. உங்களுக்கு?

பதில்:
எனக்குப் பயம். ஜெக்கில் ஒரு நாள் காலையில் கண் விழித்து, போர்வை மேல் கிடக்கும் கையைப் பார்க்கிறாரே: மெலிந்து, நரம்பு புடைத்து, ரோமம் அடர்ந்த கை. ஜெக்கிலாகப் படுத்தவர் மருந்தே இல்லாமல் ஹைடாக எழுந்திருக்கிறார். அதுவரை சாவி தன்னிடம் என்று நம்பியவர், பாவம்.

பதில்:
ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரத்தின் வில்லியம் பிராடியைப் பற்றிப் படியுங்கள். பகலில் மரச்சாமான் செய்பவர், நகரசபை உறுப்பினர்; இரவில் திருடர். 1788இல் தூக்கிலிட்டார்கள். அவர் செய்த அலமாரி ஒன்று ஸ்டீவன்சனின் சிறுவயது அறையில் இருந்தது. பிராடிக்கு மருந்து தேவைப்படவில்லை, அதே முகத்தோடுதான் இரண்டு வாழ்க்கையும். ஜெக்கிலுக்கோ வேறு முகம் வேண்டியிருந்தது. ‘அவன்’ என்ற சொல் அங்கேயே தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

கேள்வி கேட்டவர்:
சரி, அலமாரி விஷயம் எனக்குப் புதிது. நாவலில் ஜெக்கிலின் வீட்டு வர்ணனையை மறுபடி புரட்டினேன். முன்பக்கம் செல்வச் செழிப்பு. பின்பக்கம் மணியும் தட்டுவளையமும் இல்லாத, வண்ணம் உரிந்த கதவு. இரண்டும் ஒரே வீடு. கோபம் இன்னும் போகவில்லை, ஆனால் அந்த வாக்குமூலத்தை இன்று இரவு மறுபடி படிக்கப்போகிறேன்.