திருப்பூர்ச் சாயப்பட்டறைகளைத் திருத்தியது யார்?

கொள்முதல்_மேலாளர்: நொய்யல் ஆற்றில் சாயக்கழிவை விட்டுக்கொண்டிருந்த திருப்பூரைத் திருத்தியது வெளிநாட்டு பிராண்டுகளின் பசுமைக் கொள்முதல்தான். சான்றிதழ் இல்லாவிட்டால் ஆர்டர் இல்லை என்றார்கள். எல்லோரும் வழிக்கு வந்தார்கள். எந்தச் சட்டமும் இதைச் செய்ததில்லை.

ஒரத்துப்பாளையத்தான்: யார் காதில் பூச்சுற்றுகிறீர்கள்? 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். மின் இணைப்பைத் துண்டித்த பிறகுதான் நின்றது. வழக்காடியவர்கள் நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள். நொய்யலில் உள்ள எங்கள் ஒரத்துப்பாளையம் அணையில் 1990களில் சாயத்தண்ணீர் தேங்கி நாறியபோதும் பிராண்டுகள் இங்கே பனியன் வாங்கிக்கொண்டுதான் இருந்தன. ஆர்டர் கொடுக்கும் எந்த பையர் வந்து மூக்கைப் பிடித்தார்?

பின்னலாடை78: மூடியது நீதிமன்றம், சரி. கடன்பட்டுத் திறந்தது நாங்கள். கழிவுநீரைச் சவ்வில் வடிகட்டி, மிச்சத்தைக் கொதிக்கவைத்து, பிரித்த உப்பை மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துகிறோம். கொதிகலனுக்கு விறகு யார் காசு? எங்கள் பையர் விலையில் ஒரு பைசா ஏற்றவில்லை.

ஒரத்துப்பாளையத்தான்: எல்லா உப்பையுமா பிரித்தீர்கள்? பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் கிடக்கிறதே! அது இருக்கட்டும். 2011 ஜனவரிக்குப் பதில் எங்கே?

கொள்முதல்_மேலாளர்: கிளிப்பிள்ளை மாதிரி ஒரே தேதி. கழிவை ஆற்றில் விடக்கூடாது என்று அதே நீதிமன்றம் 2006இலேயே சொன்னது. யார் கேட்டார்கள்? உத்தரவுக்கு அவ்வளவுதான் மரியாதை. இன்று இயற்கைப் பருத்தியை வயல்வரை பின்தொடர்கிறோம்.

ஒரத்துப்பாளையத்தான்: பின்தொடர்ந்த லட்சணம்தான் 2020இல் தெரிந்ததே! 20,000 டன் இந்தியப் பருத்திக்குப் போலிச் சான்றிதழ் என்று, இயற்கை ஜவுளிச் சான்றிதழுக்கான காட்ஸ் (GOTS) அமைப்பே அறிவித்து, 11 நிறுவனங்களைத் தடை செய்தது.

கொள்முதல்_மேலாளர்: கண்டுபிடித்தது சான்றிதழ் அமைப்புதான், உங்கள் நீதிமன்றம் அல்ல.

கரூர்_போர்வை: திருப்பூரை விட்டால் தமிழ்நாட்டில் ஜவுளியே இல்லையா?

பின்னலாடை78: வந்துவிட்டார். அமராவதி ஆற்றில் சாயம் விட்ட ஊர்க்காரர் எங்களுக்குப் பாடம் எடுக்கிறார்.

கரூர்_போர்வை: நொய்யல் காவிரியில் சேருவது எங்கள் மாவட்டத்தில். எங்கள் கழிவோடு உங்கள் கழிவையும் சுமந்தோம். வாயைத் திறக்காதீர்கள்.

ஒரத்துப்பாளையத்தான்: ஊர்ச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மேலாளரே, மூடச் சொன்னது பையரா, நீதிபதியா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

கொள்முதல்_மேலாளர்: போன மாதம் நூல் விலை விவாதத்திலும் இப்படித்தான் ஒன்றைப் பிடித்துத் தொங்கினீர்கள். திங்கட்கிழமை எனக்கு ஆடிட் இருக்கிறது. உங்களோடு மல்லுக்கட்ட நேரமில்லை.

ஒரத்துப்பாளையத்தான்: தேதி சொல்லிவிட்டு வரும் ஆடிட்தானே? அன்று மட்டும் தொழிலாளி கையில் புதுக் கையுறை இருக்கும். 2011 ஜனவரியில் அதிகாரிகள் பையரிடம் தேதி கேட்டுக்கொண்டு வரவில்லை.

பின்னலாடை78: விறகுக் காசைப் பற்றி இன்னும் ஒருவர்கூடப் பேசவில்லை.

கரூர்_போர்வை: போர்வைக்கு மட்டும் விறகு இலவசமா?