புதுப்பிப்பு: வார இறுதி டிரெயில் பணி, வெளிச்சாய்வுக் கணக்கில் திருத்தம்

வான்கூவருக்கு வடக்கே நார்த் ஷோர் மலைச்சரிவுகளில் மவுண்டன் பைக் பாதை வெட்ட வரும் தன்னார்வலர்களுக்காகப் போட்ட இழையில், வெளிச்சாய்வு, அதாவது நீர் வழிய பாதையின் குறுக்கே வெளிவிளிம்பு நோக்கி வைக்கும் சரிவு, 3 சதவீதம் போதும் என்று எழுதியிருந்தேன். அது தவறு. சக்கரம் பட்டுப் புதுமண் நடுவில் அமுங்கும், வெளிவிளிம்பு மேடாகும். 3 சதவீதம் காணாமல் போய், மழைநீர் பாதையோடே ஓடி வாய்க்கால் அறுக்கும். 5 முதல் 7 வைத்து வெட்டுங்கள். 1 மீட்டர் அகலத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் இறக்கம். பலகை மேல் ரசமட்டம் வைத்து அளக்கலாம்.

வெளிச்சாய்வு மட்டும் பாதையைக் காப்பாற்றாது. இறங்கும் பாதை 10, 15 மீட்டருக்கு ஒருமுறை சற்று ஏறி மறுபடி இறங்க வேண்டும். அந்தப் பள்ளத்தில்தான் நீர் வெளியேறும். மலைச்சரிவு 20 சதவீதமென்றால் பாதையின் சரிவு 10ஐத் தாண்டவே கூடாது.

பலரும் அவசரப்படுவது மட்கை அகற்றும்போது. இலைமட்கு, உளுத்த மரம், சிறுவேர் எல்லாம் போய்க் கனிம மண் தெரியும்வரை மெக்லியோடால் (ஒருபுறம் பற்கள், மறுபுறம் அகன்ற வெட்டுவாய் உள்ள கனத்த மண்வாரி) சுரண்டுங்கள். மட்கின் மேல் கொட்டிய நல்ல மண்ணும் பஞ்சாய் நீர் குடித்துச் சேறாகிவிடும். அள்ளிய மட்கைத் தயவுசெய்து பாதையின் கீழ்விளிம்பில் குவிக்காதீர்கள். அது அணையாகி நிற்கும். சரிவில் தூர வீசுங்கள்.

நிரப்பும் மண்ணை 10 சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு, ஒவ்வொன்றையும் திமிசுக்கட்டையால் இடியுங்கள். மண்ணைக் கையில் பிடித்து அமுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது.

புலாஸ்கி (ஒருபுறம் கோடாரி, மறுபுறம் மண்வெட்டி வாய் உள்ள கருவி) வீசுபவரிடமிருந்து 3 மீட்டர் தள்ளியே நில்லுங்கள்.